கதவில் கைப்பிடி இல்லாத வண்டி

5 ஜனவரி 2025, ஞாயிறு

மகள் ரோஜாவைக் கொச்சி கலூர் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். கிறிஸ்துமஸ் லீவு முடிந்துவிட்டது. மத்தியானம் என் வீட்டுக்காரர் சஜியேட்டன் மத்தி வறுத்தார். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். சண்டை எதுவும் இல்லை. பெண் இருந்தால் அவள் பேசுவாள், நாங்கள் கேட்போம். அவள் இல்லையென்றால் டிவி பேசும்.

இந்த வருஷமாவது டைரியை விடாமல் எழுத வேண்டும். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளத்தில் படித்தவளுக்கு அப்பா வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்து இது. ஏட்டனுக்கும் ரோஜாவுக்கும் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால் ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

8 ஜனவரி, புதன்

நான் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலுக்கு இன்று ஒரு புது ஆள். சங்கரியம்மா. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்த வெங்கிடாசலத்தின் மனைவி. அவர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அம்மாவுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நீலப் புடவை, கையில் குடை, நேரான முதுகு.

"லைசென்ஸ் எடுக்கவாம்மா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் ஒரு பக்கம் கெடக்கட்டும். எனக்கு ஒரு வண்டி ஓட்டிப் படிக்கணும். ஒரே ஒரு வண்டி. வீட்டுக்காரரோட வண்டி."

"என்ன வண்டிம்மா?"

"எம்.ஜி."

எனக்கு எம்.ஜி. ரோடும், இப்போது ஷோரூமில் நிற்கிற புது எம்.ஜி.யும்தான் தெரியும். விழித்தேன் போலிருக்கிறது. "வந்து பாரு, அப்புறம் முழிக்கலாம்" என்றார்.

12 ஜனவரி, ஞாயிறு

பார்த்தேன்.

கோடவுனுக்குப் பின்பக்கம், சுக்கு மூட்டை அடுக்கும் இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். இவ்வளவு தாழ்வான வண்டியை நான் பார்த்ததே இல்லை. என் இடுப்புக்குக்கூட வரவில்லை. பாசிப்பயறு நிறம். முன்பக்கம் நீளமாகப் போய் மெதுவாகச் சரிகிறது, பின்பக்கம் குட்டி. சக்கரத்தில் சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பிகள். இரண்டே இரண்டு சீட். கூரை கிடையாது. ஒரு கான்வாஸ் மட்டும் சீட்டுக்குப் பின்னால் மடித்துக் கிடக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் கூரை இல்லாத காரை எவன் வாங்குவான்?

கதவைத் திறக்கப் போனால் கைப்பிடியைக் காணோம். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. சங்கரியம்மா கையைக் கதவுக்கு உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுத்தார். திறந்தது.

"வெளிய நிக்கறவங்களுக்குக் கைப்பிடி கிடையாது, கேட்டியா. அவருக்குப் பிடிச்சதே அதுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சிரிப்பு இல்லை அது.

அறுபத்தொன்றாம் வருஷத்து வண்டி, இங்கிலாந்தில் செய்தது. வில்லிங்டன் ஐலண்டில் தேயிலைக் கம்பெனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பிறகு இரண்டு மூன்று கை மாறி வெங்கிடாசலத்திடம் வந்திருக்கிறது. அவர் போன பிறகும் மெக்கானிக் வந்து பார்த்துக்கொள்கிறார், அதனால் ஓடுகிறது.

சரி, சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? என் பக்கம் பிரேக் இல்லாத வண்டியில் இதுவரை யாருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

முதல் கிளாஸ். வில்லிங்டன் ஐலண்டில் ஞாயிறு காலை ரோடு காலியாக இருக்கும். தோப்பும்படி பாலம் வழியாக அதுவரை நான் ஓட்டிப் போனேன். பிறகு இடம் மாறினோம்.

ஸ்கூல் காரில் என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தவறினால் நான் மிதிப்பேன். இதில் என் காலடியில் வெறும் தரை. சங்கரியம்மா கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி தவளை மாதிரிக் குதித்து நின்றது. மறுபடி குதித்தது, மறுபடி நின்றது. நான் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தேன். கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது.

முதல் கியர் போட வண்டி முழுசாக நிற்க வேண்டும், இல்லையென்றால் பல் நெரிகிற சத்தம் வரும். அம்மா நிற்கும் முன்பே தள்ளுகிறார்.

"நிக்கட்டும்மா, நிக்கட்டும்."

"நிக்கறதுக்கு எதுக்குடி வண்டி?"

ஆசைப்பட்டுப் படிக்க வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஸ்டியரிங்கை இப்படி முறைக்க மாட்டார்கள்.

20 ஜனவரி

நேற்றுத் திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். அதை எழுதவில்லை. ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

22 ஜனவரி, புதன்

அந்த வண்டியில் போவது எப்படி இருக்கிறது என்று எழுத முயற்சி செய்து பார்க்கிறேன்.

அதில் உட்கார்ந்தால் ஆட்டோவின் சக்கரம் கண்ணுக்கு நேராக வருகிறது. கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொட்டுவிடலாம் போல. சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது, ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்ததும் எஞ்சின் தொண்டையைச் செருமுகிறது. பெட்ரோல் வாசம், பழைய தோல் வாசம், கோடவுனின் சுக்கு வாசம் எல்லாம் சேர்ந்து வருகிறது. வேகமே இல்லை. நாற்பதில் போனால் நூறில் போகிற மாதிரி இருக்கிறது. பாலத்தின் மேல் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. மீன் கூடைக்காரர் ஒருவர் நின்று பார்த்துச் சிரித்தார். ஒரு லாரிக்காரர் வழிவிட்டார். எனக்கு! எல் போர்டு வண்டியில் போனால் பின்னால் ஹாரன் அடித்தே கொல்கிற ஊரில்.

இத்தனை வருஷம் ரோட்டிலேயே பிழைக்கிறேன். ரோடு இப்படி இருக்கும் என்று தெரியாது.

ஏட்டனிடம் சொல்லப் பார்த்தேன். "பழைய இங்கிலீஷ் வண்டி ஏட்டா, கூரையே கிடையாது..."

"மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டார்.



2 பிப்ரவரி, ஞாயிறு

அம்மா இன்று வளைவில் வண்டியை நடைபாதைக்கு மேல் ஏற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. வண்டிக்கும் இல்லை. முதலில் நான் வண்டியைத்தான் இறங்கிப் பார்த்தேன், அம்மாவை அல்ல. இது என்ன குணம்?

9 பிப்ரவரி, ஞாயிறு

ஐலண்டில் மர நிழலில் நிறுத்திச் சாயா குடித்தோம். அப்போது அம்மா தானாகவே சொன்னார். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை என்னை இதுல கூட்டிட்டுப் போனார். செராய் கடற்கரை வரைக்கும். முடியெல்லாம் பறந்து சிக்காப் போச்சு. கொஞ்சம் மெதுவா போங்கன்னேன். அவ்வளவுதான் விஜி, அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா தனியாப் போவார். காலைப் பலகாரத்துக்கு வந்துடுவார். வரும்போது மூஞ்சி வேற மாதிரி இருக்கும். சின்னப் பையன் மாதிரி. எங்க போனீங்கன்னா, 'சும்மா'ம்பார். சும்மா யாராவது போவாங்களா?"

அம்மா சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு மேலே சொன்னார்.

"பொம்பளைன்னு நினைச்சேன். ஆள் விட்டுப் பாத்தேன். பொம்பளையும் இல்ல, சீட்டாட்டமும் இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல. பொம்பளைன்னா நேராப் போய் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். இந்தத் தகரத்துக்கிட்ட என்னன்னு கேக்கறது?"

மகன் பெங்களூரிலிருந்து வண்டியை விற்கச் சொல்கிறானாம். விற்பதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தன்னிடம் கிடைக்காத எது அவருக்கு இதில் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

"நீ எத்தனையோ வண்டி பாத்தவ. சொல்லு, இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. பழைய வண்டி" என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்னேன். உண்மையை எப்படிச் சொல்வது? இதில் உட்கார்ந்தால் நான் யாருடைய பெண்டாட்டியும் இல்லை, யாருக்கும் டீச்சர் இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு விதவையிடம் சொல்ல முடியுமா? உங்கள் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், உங்களை மறப்பதற்காகப் போகவில்லை, ஆனால் மறந்துதான் போயிருப்பார் என்றா?

முகம் தெரியாத அந்த மனுஷன் பக்கம் நான் நிற்கிறேன். அம்மா பக்கம் இல்லை. ஏன்?

16 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. கிளாஸ் இல்லை. சாவியைக் கையில் கொடுத்து, "ஸ்டார்ட் பண்ணாம விட்டா பேட்டரி போயிடும். நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து நிறுத்திடு" என்றார்.

ஒரு ரவுண்டு போனேன். ஃபோர்ட்கொச்சியில், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப் போகிற ஜங்கார் படகில் ஏறி வைப்பின் தீவுக்குப் போனேன். அதற்கு மேலும் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏட்டன், "கிளாஸ் எப்படி?" என்றார்.

"நல்லாப் போச்சு" என்றேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் போனேன். இன்றும் கிளாஸ் என்றேன்.

2 மார்ச், ஞாயிறு

புதுவைப்பு வரை. யாரையும் பார்க்கவில்லை, எதுவும் வாங்கவில்லை. கடற்கரையில் இறங்கக்கூட இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், சூடு ஆறும்போது அது டிக் டிக் என்று சத்தம் போடும், அதைக் கேட்டுக்கொண்டு. தப்பு எதுவும் செய்யவில்லை. அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. 'நானும் வரேன்' என்பார். அதுதானா? அதற்குத்தானா பயம்?

சே. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

11 மார்ச், செவ்வாய்

தெரிந்துவிட்டது.

ஏட்டன் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் பிரிவில் இருக்கிறார். கூட வேலை செய்கிற அருண்பாண்டி ஞாயிற்றுக்கிழமை ஜங்காரில் என்னைப் பார்த்திருக்கிறான். 'உங்க வீட்டுக்காரி கூரையில்லாத கார்ல ராணி மாதிரி போறா, பக்கத்துல ஆளே இல்ல' என்று இன்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். அவன் தமாஷாகத்தான் சொன்னான்.

ஏட்டன் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றார். மருந்து வாசம்.

"கிளாஸ்னு சொன்னியே."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல ஏட்டா. வண்டியை ஓட்டி வைக்கச் சொன்னாங்க."

"அதச் சொல்ல வேண்டியதுதானே. வைப்பினுக்கு எதுக்குப் போன?"

"சும்மா."

"சும்மா போறதுக்கு யாராவது பொய் சொல்லுவாங்களாடி?"

யாரோ ஆள் இருந்தா மன்னிப்புக் கேட்டு அழுதிருக்கலாம். யாரும் இல்ல. ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ரெண்டு சீட் வண்டிதானே அது? எனக்கு ஒரு சீட் இல்லையா விஜி?" என்று மட்டும் கேட்டார்.

13 மார்ச்

பேச்சு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் உப்பு, தண்ணீர், அவ்வளவுதான்.

16 மார்ச், ஞாயிறு

சங்கரியம்மாவிடம் கேட்டுவிட்டு, ஏட்டனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

உயரமான மனுஷன். முட்டி இரண்டும் டாஷ்போர்டில் இடித்தது. பாலத்தில் காற்று அடித்தபோது இருக்கிற கொஞ்ச முடியைக் கையால் பொத்திக்கொண்டார். நான் மெதுவாக ஓட்டினேன். "குளிருதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். "முதுகு வலிக்குதா?" "இல்ல, பரவால்ல." ஒருவரையொருவர் விருந்தாளி மாதிரி நடத்திக்கொண்டோம். ஜங்காரில் யாரோ எங்களைப் போட்டோ எடுத்தார்கள். இரண்டு பேரும் சிரித்தோம்.

இறங்கும்போது, "நல்ல வண்டி" என்றார். பிறகு கொஞ்சம் நின்று, "நான் இருந்தா நீ வேற மாதிரி ஓட்டற" என்றார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? வேறு மாதிரி ஓட்டியதை அவர் பார்த்ததே இல்லையே.

நல்ல மனுஷன். வேறு பெண்ணாயிருந்தால் இப்படி ஒருவர் கிடைத்ததற்குக் கோயிலில் விளக்குப் போடுவாள். நான் என்னவென்றால் பாலத்தின் மேல், இவர் பக்கத்தில் இருக்கும்போதே, அடுத்த ஞாயிறு தனியாக வர முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன கேடு?

23 மார்ச், ஞாயிறு

அம்மாவுக்குச் சளி போய்விட்டது. கிளாஸ். கியர் இப்போது நெரிவதில்லை, நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஐலண்டில் நேர் ரோட்டில் இரண்டு தடவை போய் வந்தோம். மூன்றாவது தடவை திருப்பத்தில் நிறுத்தி, "இறங்கு" என்றார்.

"ஏம்மா?"

"இறங்குன்னா இறங்கு."

இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அவர் கிளட்சை மெதுவாக விட்டார், நான் சொல்லிக்கொடுத்தபடியே. போய்விட்டார்.

"அம்மா! எல் போர்டு வண்டிம்மா! தனியா ஓட்டக் கூடாது!" என்று கத்திக்கொண்டு ரோட்டில் ஓடினேன். எங்கே காதில் விழப்போகிறது? பாசிப்பயறு நிறம் சின்னதாகி, மரங்களுக்கு அப்பால் வளைந்து காணாமல் போனது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

என்னென்ன நினைத்தேன் என்று எழுத முடியாது. கண்டெய்னர் லாரி வருகிற ரோடு. அம்மாவின் மகனுக்கு என்ன பதில் சொல்வது? என் லைசென்ஸ் போகும், ஸ்கூல் போகும். இதெல்லாம் நினைத்தேன். இடையில் இன்னொன்றும் நினைத்தேன்: அவர் இப்போது எந்தக் கியரில் இருப்பார், பாலத்துக் காற்று வந்திருக்குமா என்று. பொறாமை. பயத்துக்கு நடுவில் பொறாமை!

எதிர்ப்பக்கமிருந்துதான் வந்தார். ஐலண்டை முழுதாகச் சுற்றியிருக்கிறார். கொண்டை அவிழ்ந்து நரைத்த முடி எல்லாத் திசையிலும் நின்றது. என் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. நான் திட்ட வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"மெய்யாவே சும்மாதான் போயிருக்கார், விஜி."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவும் செய்தார். இரண்டும் சேர்ந்து வந்தது.

"அந்த மூணாவது வளைவுல கடல் காத்து வந்து மூஞ்சியில அடிச்சுது பாரு. அப்ப எனக்கு அவர் ஞாபகமே இல்ல. பசங்க ஞாபகம் இல்ல. நான் இருக்கேன்கிற ஞாபகம்கூட இல்ல. அவ்வளவுதான் இருந்திருக்கு மனுஷனுக்கு. அதை எப்படிச் சொல்லுவார்? சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணும் இல்லன்ன. உனக்குத் தெரிஞ்சிருந்துது, இல்லையா?"

"தெரியும்மா."

"போடி" என்றார். கோபமாக இல்லை.

27 மார்ச், வியாழன்

சங்கரியம்மா வீட்டுக்கு வந்தார்! சொல்லாமல் கொள்ளாமல், குடையோடு. நான் கிளாஸ் முடிந்து வந்தபோது ஏட்டன் அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்து எதிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு ஏட்டன், "காத்தைப் பத்தி" என்றார். கேலியா, நிஜமா, தெரியவில்லை.

அம்மா வண்டியை விற்கப்போகிறார். கோயம்புத்தூரில் பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

"ஏம்மா? இப்பதானே ஓட்டப் படிச்சீங்க?"

"நான் தேடினது கெடச்சாச்சு. இனி அது அங்க நிக்கறதைப் பாத்தா அவர் நிக்கற மாதிரி இருக்கும். உனக்கே குடுத்திருப்பேன் விஜி. உங்க சந்துல ஆட்டோவே நுழையல, இதை எங்க கொண்டுபோய் வெப்ப?"

நியாயமான பேச்சு. தலையை ஆட்டினேன். சமையற்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஒரு காருக்காக. என் கார்கூட இல்லை.

5 ஏப்ரல், சனி

ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாரியின் மேல் அது இன்னும் சின்னதாக இருந்தது. பஜார் ரோட்டில் சுமட்டுக்காரர்கள் எல்லாம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். அம்மா கோடவுன் வாசலில் நேரான முதுகோடு நின்றார். நான் கடைசியாக ஒரு தடவை கையை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. செய்யவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

விடியலிலேயே விழிப்பு வந்துவிட்டது. போக இடம் இல்லை. துணி துவைத்தேன்.

9 ஏப்ரல், புதன்

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஸ்கூல் காரை ஒரு நாய்க்கு முன்னால் சரியாக நிறுத்தினாள். 'நல்லா நிறுத்தின மோளே' என்று சொல்ல வேண்டியது. சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. எங்கே இருந்தேன்?

13 ஏப்ரல், ஞாயிறு

இன்றும் இருட்டிலேயே விழிப்பு. அசையாமல் படுத்திருந்தேன். ஏட்டன் எழுந்து போகிற சத்தம் கேட்டது, சமையற்கட்டில் பாத்திரம் உருட்டுகிற சத்தம். திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் சாயா. இன்னொரு கையில் அவருடைய ஸ்கூட்டர் சாவி.

"போய்ட்டு வா."

"எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீ போற எடத்துக்கு."

எழுந்து உட்கார்ந்தேன். "நீங்களும் வாங்க ஏட்டா" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேனா? பாதி நிஜம்.

"வேண்டாம். தனியாவே போ. நாளைக்கு விஷுவாச்சே, மார்க்கெட்ல கரிமீன் தீர்ந்துடும். நான் அங்க போறேன்."

போனேன். ஸ்கூட்டர் அந்த வண்டி இல்லை. இல்லவே இல்லை. பாலத்தில் காற்று வந்தது, ஆனால் ஹெல்மெட்டுக்குள் பாதிதான் நுழைந்தது. கொஞ்சம் அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஐலண்டைச் சுற்றினேன், வந்த வழியே திரும்பி ஃபோர்ட்கொச்சிக்குப் போனேன். ஜங்கார் ஏறவில்லை. ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

அவர் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து கரிமீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் சாவியை ஆணியில் மாட்டினேன். உள்ளே போகப் போனவள், என்னவோ, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜங்கார்ல இருந்து விஷுவுக்குக் கொன்னைப் பூ விக்கறவங்க எறங்கினாங்க ஏட்டா" என்றேன். "ஒவ்வொரு ஸ்கூட்டர்லயும் கட்டுக்கட்டாப் பூவு. ஓட்டற ஆளே தெரியல. மஞ்சளுக்குள்ள இருந்து ரெண்டு கை மட்டும் வருது. அதுல ஒருத்தருக்குப் பாதி வழியில கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் பூ. பின்னால வந்த பஸ்ஸு நின்னுடுச்சு. கண்டக்டர் எறங்கிப் பொறுக்கிக் குடுக்கறார்."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கையெல்லாம் செதில்.

"அப்புறம்?" என்றார்.